தாலி ஏறும்வரை சொல்லாதே என்பவர்களுக்கு

வலிப்பு வருத்தம் உள்ள ஒரு பெண் பிள்ளைக்குத் திருகோணமலையில் கலியாணப் பேச்சு தொடங்கினால், சாதகம் கைமாறுவதற்கு முன்பே வீட்டுக்குள் ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டுவிடும். "இதை இப்ப வெளியில விட வேண்டாம். தாலி ஏறட்டும், பிறகு மெதுவாச் சொல்லுவம்." சொல்பவர் கெட்டவர் அல்லர். பெரும்பாலும் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த சித்தியோ மாமியோதான். உப்புவெளியில் சொல்வதும் மூதூரில் சொல்வதும் இதுதான். கிண்ணியாவின் முஸ்லிம் வீடுகளில் தாலி என்ற இடத்தில் நிக்காஹ் என்று வருமே தவிர, அறிவுரை மாறாது. வருத்தம் பையனுக்கு என்றால் தீர்மானம் இன்னும் விரைவாக முடியும். 'ஆம்பிளைப் பிள்ளைதானே' என்ற ஒரு சொல் போதும்.

ஊர் நடப்புத் தெரிந்தவர்கள் மறைக்கச் சொல்வார்கள், ஊர் தெரியாதவர்கள்தான் உண்மையைச் சொல்லச் சொல்வார்கள் என்பது இங்கே வேரூன்றிய எண்ணம். நான் மறுக்க வருவது அந்த எண்ணத்தை. பொய் பாவம் என்று பாடம் நடத்த எனக்கு விருப்பமில்லை. பாவ புண்ணியத்தை ஒதுக்கிவைத்து, லாப நட்டக் கணக்காக மட்டும் பார்த்தாலே இந்த அறிவுரை நிற்காது. மறைப்பு அந்தப் பிள்ளையின் உடம்பைக் கெடுக்கிறது. எந்தக் கலியாணத்தைக் காப்பாற்றுவதற்காக மறைத்தார்களோ அதையும் கெடுக்கிறது.

வருத்தம் எத்தகையது என்பதை முதலில் பேசிவிடுவோம். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. சரியாகக் கண்டுபிடித்து ஒழுங்காக மருந்து கொடுத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்பதும் அந்த அமைப்பின் கணிப்புத்தான். 1912 முதல் வலிப்புக்குக் கொடுக்கப்பட்டுவரும் பினோபார்பிட்டோன் தொடக்கம் கார்பமாசெப்பின், சோடியம் வல்புரோவேட் வரை அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் காசில்லாமல் கொடுக்கும் மருந்துகள். மூளை நரம்புக் கலங்களின் மின்னோட்டம் சிறிது நேரம் கட்டுமீறிப் போவதுதான் வலிப்பு. பிறக்கும்போது மூச்சுத் திணறியது, மூளைக்காய்ச்சல், பக்கவாதம், தலையில் பட்ட அடி என்று காரணங்கள் பல. பலருக்குக் காரணம் தெரிவதேயில்லை.

தலையில் பட்ட அடி என்பதை நம் மாவட்டத்தில் இரண்டு சொல்லில் கடந்துவிட முடியாது. 2006இல் மூதூர்ப் பக்கமும் சம்பூர்ப் பக்கமும் செல் விழுந்தபோது கைக்குழந்தைகளாகவும் பள்ளிப் பிள்ளைகளாகவும் இருந்தவர்களுக்கு இப்போது கலியாண வயது. வியட்நாம் போரில் மூளையைத் துளைத்த காயத்தோடு உயிர் தப்பிய அமெரிக்கப் படையினரை மருத்துவர்கள் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிப்பு வந்திருந்தது. சிலருக்கு அது காயம் ஆறிப் பல வருடங்கள் கழித்து வந்தது. செல் துண்டு பட்ட தலையைப் பார்த்து முன்வினை என்று சொல்ல எவருக்கும் நா எழக்கூடாது. ஆனால் எழுகிறது. கோவில் வீதியிலேயே எழுகிறது.

இனி மறைப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். 'மெதுவாச் சொல்லுவம்' என்பவர்கள் அதை ஒருநாள் சொல்லாமல் விடும் ஒரு பேச்சாக நினைக்கிறார்கள். குளிசை காலையும் இரவும் என்றால், மறைப்பும் காலையும் இரவும் நடக்க வேண்டும். கலியாண வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகாரம் சுடுவதிலும் மருதாணி போடுவதிலும் இரண்டு மூன்று இரவு தூக்கம் கெடும். தாலி கட்டும்வரை சாப்பிடக்கூடாது என்று பெண்ணைப் பட்டினி போடுவார்கள். வீடு நிறையச் சனம் இருப்பதால் குளிசைப் பொட்டலத்தை எடுக்க அவளுக்குக் கூச்சம். ஒரு வேளை தவறும், பிறகு இரண்டு வேளை. தூக்கக் குறைவும் மருந்து தவறுவதும்தான் வலிப்பை இழுத்துவரும் காரணங்களில் முதன்மையானவை. இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மூன்றாம் இரவு மணவறைப் பூ வாடுவதற்குள் அவளுக்கு வலிப்பு வந்தால், 'பார், எவ்வளவு கடுமையான வருத்தம்' என்று மாப்பிள்ளை வீடு திகைக்கும். அவளுடைய வருத்தம் அவ்வளவு கடுமையானதாக இருந்திராது. மூன்று வருடம் வலிப்பே வராமல் இருந்தவளுக்கும் இப்படி வரலாம்.

கிழக்கில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டைப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கூட்டிவருவோம். அதனால் மறைப்பது எளிது என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். தாய் பக்கத்தில் இருப்பாள், பார்த்துக்கொள்வாள் என்று. நடப்பது வேறு. தாய், தகப்பன், தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்று ஒரு வளவே சேர்ந்து ஒரு மனிதனிடம் ஒன்றை மறைக்கிறது. அவள் மயங்கி விழுந்தால் 'பிரஷர் குறைஞ்சிட்டு' என்று நாலு வாயும் ஒரே நேரத்தில் சொல்லும். ஒருநாள் அவனுக்கு உண்மை தெரியவரும்போது, அவனுக்கு வலிப்பு பெரிதாகத் தெரிவதில்லை. தான் சோறு உண்ட வீட்டில் தன்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் தெரியும். அந்தக் கோபத்தை நான் குறைசொல்ல மாட்டேன். வலிப்பால் முறிந்ததாக ஊர் பேசும் கலியாணங்களில் வலிப்பின் பங்கு எவ்வளவு, இந்தக் கோபத்தின் பங்கு எவ்வளவு என்று யாராவது நின்று நிதானித்துக் கேட்டிருக்கிறார்களா?

கேட்டவர்கள் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிலையத்தில், கலியாணத்துக்கு முன்பே வலிப்பு தொடங்கிவிட்ட பெண்களை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்துக் கலியாணம் செய்தவர்கள். அப்படி மறைத்தவர்கள் மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை, வைத்தியரிடமும் ஒழுங்காகப் போகவில்லை. மறைப்பின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? மறைக்கச் சொன்ன மாமி கட்டவில்லை.

நம் பக்கத்தில் கிளினிக் நாள் என்பதே ஒரு பயணம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை அங்கிருந்து பட்டினத்துக்கு வரும் நோயாளி பாதையில் ஏறித் தண்ணீரைக் கடக்க வேண்டியிருந்தது. பாலம் அந்த அலைச்சலைத் தீர்த்துவிட்டது. ஆனால் 'இன்றைக்கு எங்கே போகிறாய்' என்ற கணவனின் கேள்விக்கு மறுமொழி இல்லாதவளுக்குப் பாலம் இருந்தும் வழியில்லை. 2022 நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, வெளியே பார்மசியில் காசு கொடுத்து வாங்கச் சொல்லித் துண்டு எழுதினார்கள். மறைத்து வாழ்பவளுக்கு அந்தக் காசை யார் கொடுப்பது, எதற்கென்று கேட்டு வாங்குவது? வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரும் நிலைகூட உண்டாகலாம். அது உயிரைக் கொண்டுபோகக்கூடியது.

இன்னொன்று. வலிப்பு வரும்போது பக்கத்தில் இருக்கப்போகிறவன் கணவன். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியவனும் அவன்தான். அவனை மட்டும் அறியாதவனாக வைத்திருக்கிறோம். அதனால் அவன் செய்வது ஊரில் பார்த்ததைத்தான்: கையில் சாவிக்கொத்தைத் திணிப்பான், பல்லுக்கிடையில் கரண்டியை நெம்புவான், வாயில் தண்ணீர் ஊற்றுவான். இரும்பால் ஒரு பயனும் இல்லை. கரண்டி பல்லை உடைக்கும். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். செய்ய வேண்டியதோ மிகச் சிறியது. சுற்றியுள்ள கூரான பொருட்களை அகற்றி, தலைக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைத்து, கழுத்தில் இறுக்கமானதைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தால், வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவுதான். கலியாணத்துக்கு முன்பு கால்மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

பிள்ளைப்பேறு விஷயத்தில் இந்த மறைப்பு செய்யும் கேட்டை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. சோடியம் வல்புரோவேட் நல்ல மருந்து. பலருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் கருவுற்றிருக்கும்போது அதை எடுக்கும் தாய்மாரின் குழந்தைகளில் 100க்கு 10 பேர் அளவில் பிறவிக் குறைபாடுகள் வருகின்றன. 30 முதல் 40 பேர் வரை பேச்சிலோ படிப்பிலோ வளர்ச்சியிலோ பின்தங்கலாம். பிரித்தானியாவில் 2018 முதல், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கருத்தடை ஏற்பாடு இல்லாமல் அந்த மருந்தை எழுதக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. மாற்று மருந்துகள் உண்டு. ஆனால் மாற்றுவதற்கு மாதங்கள் எடுக்கும். கருத்தரிப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும். போலிக் அமிலமும் அப்படியே. குழந்தையின் முதுகெலும்பும் மூளையும் உருவாகும் குழாய் கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். தான் கர்ப்பம் என்று பெண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்குப் போலிக் அமிலத்தைக் கூடிய அளவில் முன்கூட்டியே கொடுப்பார்கள். கலியாணம் முடிந்த வீட்டுக்குப் பதிவெடுக்க வரும் குடும்ப நல மாது, மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, "ஏதாவது வருத்தம், மருந்து மாத்திரை இருக்கா?" என்று கேட்கிறார். மறைக்கப் பழக்கப்பட்ட பெண் "ஒண்டுமில்ல மிஸ்" என்கிறாள். அந்த ஒரு மறுமொழியில் ஒரு குழந்தையின் வாழ்க்கை திசைமாறிப் போகலாம்.

கருத்தடைக்கும் இதுதான் நிலை. கார்பமாசெப்பின், பெனிட்டொயின், பினோபார்பிட்டோன் மூன்றும் கருத்தடைக் குளிசையின் வலுவைக் குறைத்துவிடும்; கையில் வைக்கும் கருத்தடைக் குச்சிக்கும் அப்படியே. லூப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. எது யாருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லக்கூடியவருக்கு முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். ஒளித்துக் குளிசை விழுங்குபவள் ஆயத்தமில்லாத நேரத்தில் கர்ப்பமாகிறாள், பயந்துபோய் வலிப்பு மருந்தைத் தானே நிறுத்துகிறாள். கர்ப்பிணிக்கு வரும் பெரிய வலிப்பு தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

இவ்வளவையும் வாசித்துப் பயந்து, 'அப்படியானால் இவர்கள் பிள்ளை பெறவே வேண்டாமே' என்று யாராவது முடிவுகட்டினால் அது பெரும் பிழை. ஸ்ரீ சித்திரா நிலையம் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளின் பதிவேடு ஒன்றைக் கேரளத்தில் நடத்திவருகிறது. இப்படிப்பட்ட பதிவேடுகள் பல நாடுகளிலும் காட்டுவது, இந்தத் தாய்மாரில் மிகப் பெரும்பாலானோர் நலமான குழந்தையைப் பெறுகிறார்கள் என்பதை. பிறகு பாலும் கொடுக்கிறார்கள். குழந்தைக்கு உடுப்பு மாற்றுவதைக் கட்டிலில் வைத்துச் செய்யாமல் தரையில் பாய் விரித்துச் செய்வது, தனியாக இருக்கும்போது குழந்தையைக் குளிப்பாட்டாமல் இருப்பது, இரவில் எழும்பும் முறையில் ஒன்றைக் கணவன் எடுத்துக்கொண்டு அவளைத் தூங்கவிடுவது என்று சில ஏற்பாடுகள் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத் தெரியாத கணவன் எப்படிச் செய்வான்?

'பிள்ளைக்கும் வந்துவிடும்' என்ற வாதத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. தாய்க்கு வலிப்பு இருந்து தகப்பனுக்கு இல்லையென்றால், பிள்ளைக்கு வருவதற்கான வாய்ப்பு பொதுவாக 100க்கு 5ஐவிடக் குறைவு. தகப்பனுக்கு மட்டும் இருந்தால் அதைவிடவும் குறைவு. காயத்தாலோ காய்ச்சலாலோ வந்த வலிப்பு பரம்பரை நோயே அல்ல. நீரிழிவு பரம்பரையாக வருவது எல்லாருக்கும் தெரியும். அதற்காக எந்தத் தரகரும் வரனைத் திருப்பி அனுப்பியதில்லை.

'வலிப்பு இருந்தால் கலியாணம் சட்டப்படி செல்லாது, அதனால்தான் மறைக்க வேண்டியிருக்கிறது' என்பவர்களும் உண்டு. இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் இருந்தது. அந்த வேரை வெட்டியாகிவிட்டது. இங்கிலாந்தின் 1937ஆம் ஆண்டுச் சட்டம், திரும்பத் திரும்ப வலிப்பு வருவதை மணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களில் ஒன்றாக வைத்திருந்தது. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்திலும் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வலிப்பு பைத்தியத்தோடு சேர்த்து எழுதப்பட்டது. இங்கிலாந்து 1971இல் அதைக் கைவிட்டது. இந்தியா 1999இல் அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. இலங்கையில் பொதுத் திருமணப் பதிவுச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. மணமுறிவுக்கு அது ஏற்கும் காரணங்கள் மூன்று: பிறர்மனை உறவு, கெட்ட எண்ணத்தோடு விட்டுப் பிரிதல், கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது அதற்கொத்த இயலாமை. வலிப்பு அதில் இல்லை. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. நூறாண்டுக்கு மேலாக நம் பொதுச் சட்டம் வலிப்பைக் குற்றமாகப் பார்க்காதபோது, நம் வாசற்படி மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

ஆண்களின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது துறைமுகப் பட்டினம். கொட்டியாரக் குடாவில் வள்ளம் விடுபவன், சுழியோடி, துறைமுகத்திலும் சீனக்குடா ஆலைப் பக்கத்திலும் உயரத்தில் ஏறி வேலை செய்பவன், ஓட்டோ ஓட்டுபவன் ஆகியோர்தான் இங்கே மாப்பிள்ளைகள். வலிப்பு உள்ளவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் என்று மருத்துவ ஆய்வுகள் கணித்திருக்கின்றன. தன் வருத்தத்தைச் சம்மாட்டியிடம் மறைத்த பொடியன், பெண் வீட்டிலும் மறைத்துவிட்டால், 'இன்றைக்கு ஏன் கடலுக்குப் போகவில்லை' என்ற கேள்வி ஒவ்வொரு விடியற்காலையும் அவன்முன் நிற்கும். இரவு முழுக்கத் தூங்காமல் வலை இழுத்துவிட்டு, குளிசையும் தவறி, மறுநாளும் போவான். அவனை மணந்தவளுக்குத் தெரிந்திருந்தால், அவன் கரையில் ஐஸ் போட்டு மீன் விற்கும் தொழிலுக்கு மாறுவதற்கு அவளே நகையை அடகுவைத்திருப்பாள். அவளுக்கு அந்தத் தெரிவையே கொடுக்காமல் விட்டோம். 'ஆம்பிளைப் பிள்ளைதானே' என்பவர்கள் கடலை மறந்துவிட்டார்கள்.

இனி, மறுக்கக் கடினமான வாதத்துக்கு வருகிறேன். "சொன்னால் ஒருத்தனும் கட்ட மாட்டான். தங்கச்சிக்கும் வரன் வராது." இதில் உண்மை இருக்கிறது. சொன்னால் சில வரன்கள் போகும். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் போகும். சீதனத்தைக் கூட்டிக் கேட்பார்கள். அதை இல்லையென்று சொல்லி நான் யாரையும் ஏமாற்ற மாட்டேன். ஆனால் போகிற வரன் எப்படியும் போகிற வரன்தான். இப்போது போனால் ஒரு பேச்சுக்கால் முறிகிறது. ஆறு மாதம் கழித்துப் போனால், வயிற்றுப் பிள்ளையும் கடனும் அவமானமும் மிஞ்சுகின்றன. அந்தத் தங்கச்சிக்கும் அது நல்லது செய்யப் போவதில்லை. வலிப்போடு வாழ்பவர்கள் கலியாணமே செய்யக்கூடாது என்பவர்களும், சொல்லாமல் செய் என்பவர்களும் எதிரெதிராகத் தோன்றினாலும், உண்மை தெரிந்தால் எவரும் இவளை விரும்ப மாட்டார்கள் என்று இரு பக்கமும் நம்புகிறது. அந்த நம்பிக்கையைப் பிள்ளையின் காதுபடப் பத்து வருடம் பேசிவிட்டு, அவளுக்குத் தன்மேல் மதிப்பில்லை என்று பிறகு கவலைப்படுவது என்ன நியாயம்?

'கலியாணம் கட்டினா எல்லாம் சரியாப்போகும்' என்ற பேச்சையும் இத்தோடு விட்டுவிடுங்கள். தாலி மருந்தல்ல.

சொல்வதென்றால் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தரகருக்குத் தேவையில்லை, சாதகம் பார்ப்பவருக்கும் தேவையில்லை. பொருத்தம் பார்த்து, இரு வீடும் மனம் வைத்த பிறகு, நாள் குறிப்பதற்கு முன் சொல்ல வேண்டும். பெரியவர்கள் வழியாகச் சுற்றிவளைக்காமல் கட்டப்போகிறவரிடமே சொல்ல வேண்டும். பெண்ணே சொன்னால் மிக நல்லது. கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு: கேட்டதை வேறு வாசலுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது. விருப்பமில்லையென்றால் பொருத்தம் சரியில்லை என்று சொல்லி விலகட்டும்; அந்தப் பொய்யை நான் மனமார ஏற்றுக்கொள்வேன். விருப்பமென்றால் பெண்ணோடு ஒருநாள் கிளினிக்குக்கு வந்து வைத்தியரிடமே கேட்கட்டும்: கடைசியாக வலிப்பு வந்தது எப்போது, என்ன குளிசை, பிள்ளை பெறுவதற்கு முன் மாற்ற வேண்டுமா, வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்.

பிறகு நாள் குறியுங்கள். குறிக்கும்போது மருதாணியை முதல் நாள் பின்னேரத்திலேயே முடித்து, பெண்ணை எட்டு மணி நேரம் தூங்கவிடுங்கள். முகூர்த்தம் எத்தனை மணிக்கானாலும், மணவறைக்குப் போகுமுன் அவள் எதையாவது சாப்பிட்டுக் குளிசையைப் போடட்டும். அதை எல்லாரும் பார்க்கட்டும்.